வாங்கும்போது குட்டி

முட்டையிலிருந்து வெளிவரும் பர்மிய மலைப்பாம்புக் குட்டி அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம் இருக்கும். பருமன் நம் கட்டைவிரல் அளவு. உடலெங்கும் தேன் நிறப் பின்னணியில் அடர்பழுப்புத் திட்டுகள். தலையில் ஈட்டி முனை வடிவில் ஒரு குறி. கையில் எடுத்தால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அமைதியாக இருக்கும். 1996 முதல் 2006 வரையிலான காலத்தில் மட்டும் சுமார் 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின. திருட்டுத்தனமாக இல்லை, சட்டப்படி, சரக்குச் சீட்டோடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீட்டில் வளர்க்க வாங்கப்பட்டவை.

நன்றாகத் தீனி கிடைத்தால் இந்தக் குட்டி ஓராண்டுக்குள் 2 மீட்டரைத் தாண்டிவிடும். முழுதாய் வளர்ந்த பெண் பாம்பு 4 மீட்டருக்கு மேல் போகும். கூண்டில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிறந்தநாள் பரிசாக அதை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கல்லூரிக்குப் போவது, வேலை தேடுவது, ஊர் மாறுவது, கல்யாணம் செய்துகொள்வது என்று எல்லாவற்றின்போதும் அந்தப் பாம்பு அவன் கூடவே இருக்கும். எலிக்குட்டியில் தொடங்கிய தீனி முயலுக்குப் போயிருக்கும். புது மனைவிக்குப் பாம்பைப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பது பற்றிய சட்டங்களைப் படித்தால், பெரும்பாலும் கூண்டின் நீள அகலமும் பூட்டின் உறுதியும்தான் பேசப்படுகின்றன. எனக்கு என்னவோ கோளாறு வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. வாங்கும் நாளில் ஒன்று, கைவிடும் நாளில் ஒன்று. நடுவில் உள்ள ஆண்டுகளில் பாம்பு பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும்.

அப்படிப் படுத்துக் கிடப்பதுதான் அது செல்லப்பிராணி ஆனதற்கே காரணம். மலைப்பாம்பு தன் உடற்சூட்டைப் பொதுவாகத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அதனால் அதற்கு ஆகும் எரிபொருள் மிகக் குறைவு. பெரிய பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. பட்டினிக் காலத்தில் குடல் சுருங்கி, செரிமானத்தையே நிறுத்தி வைத்துவிடும். இரை கிடைத்ததும் நடப்பது விசித்திரம். அதன் வளர்சிதை மாற்ற வேகம் சுமார் 40 மடங்கு வரை எகிறும். சில நாட்களில் குடலின் எடை இரண்டு மடங்காகும். இரை விழுங்கி இரண்டே நாளில் இதயத்தின் தசை 40 சதவீதம் பருத்துவிடுவதை 2005-ல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். செரித்து முடித்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும். மனித இதய நோய்க்கு இதில் ஏதாவது வழி கிடைக்குமா என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

நாய்க்கு நாள்தோறும் சோறு வைக்க வேண்டும், நடை கூட்டிப் போக வேண்டும். மலைப்பாம்புக்கு அது எதுவும் வேண்டாம். ஆனால் அதே உடலமைப்பு, கூண்டுக்கு வெளியே போய்விட்டால், அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. இரை தேடி அலைவதில்லை. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கிறது. நகராததைக் கண் பார்ப்பதில்லை.

*

ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்முனையில் இருக்கிறது எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா. சுமார் 6,100 சதுர கிலோமீட்டர். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆளுயரப் புல், அங்கங்கே மரத்திட்டு, ஓரங்களில் அலையாத்திக் காடு. 1979-லேயே அங்கே ஒரு பர்மிய மலைப்பாம்பு பதிவாகியிருக்கிறது. யாரோ விட்டுவிட்டுப் போனது என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவை அங்கே இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டன என்று 2000-ல்தான் ஒப்புக்கொண்டார்கள்.

எப்படி வந்தன என்று கேட்டால் ஃப்ளோரிடாவில் பலரும் 1992 ஆகஸ்ட் மாதத்து ஆண்ட்ரூ புயலைச் சொல்வார்கள். மயாமிக்குத் தெற்கே கரையைக் கடந்த அந்தப் புயல், பாம்பு வளர்ப்புக் கூடம் ஒன்றைச் சிதறடித்தது. பாம்புகள் சதுப்பில் இறங்கிவிட்டன என்பது கதை. கதை கச்சிதமாக இருக்கிறது. யார் மீதும் பழி இல்லை, இயற்கை மீது போட்டுவிடலாம். ஆனால் பாம்புகள் எந்த ஆண்டில் எங்கெங்கே பிடிபட்டன என்ற விவரத்தை வைத்து 2011-ல் கணித்துப் பார்த்த உயிரியலாளர்கள், 1985-க்கு முன்பே, பூங்காவுக்குள்ளேயே, ஒரு சிறு கூட்டமாக அவை தொடங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். காரில் வந்து, சாலையோரம் நிறுத்தி, சாக்கைப் பிரித்து விட்டவர்களின் வேலை என்று ஊகிக்கலாம். வளர்த்ததைக் கொல்ல மனம் வராது; 'காட்டில் விட்டால் பிழைத்துப் போகும்' என்று நினைத்திருப்பார்கள். நினைத்தபடியே பிழைத்தும் போயிற்று.

விளைவு என்ன என்பதை 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரவில் சாலையில் காரோட்டிச் சென்று, கண்ணில் படும் விலங்குகளை எண்ணும் எளிய முறைதான். 1990-களின் எண்ணிக்கையோடு 2003–2011 காலத்தை ஒப்பிட்டார்கள். ரக்கூன் 99.3 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்போசம் என்னும் பைம்மா 98.9 சதவீதம். பாப்கேட் காட்டுப்பூனை 87.5 சதவீதம். சதுப்பு முயலும் நரியும் கண்ணிலேயே படவில்லை.

பாம்புதான் காரணம் என்று எப்படிச் சொல்வது, வேறு நோயாக இருக்கக்கூடாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி. ஒரு குழு சதுப்பு முயல்களுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பூங்காவுக்குள் விட்டது. முயல்கள் முதலில் நன்றாகவே இருந்தன, குட்டியும் போட்டன. வெயில் ஏறித் தண்ணீர் சூடானதும் பாம்புகள் இயங்கத் தொடங்கின. ரேடியோ ஒலி ஒவ்வொன்றாகப் பாம்பின் வயிற்றிலிருந்து வந்தது. செத்த முயல்களில் 77 சதவீதத்தை விழுங்கியவை மலைப்பாம்புகள். பாம்பு இல்லாத இடங்களில் விடப்பட்ட முயல்களைத் தின்றவை பெரும்பாலும் பாலூட்டி விலங்குகள்.

பாம்பு தனியாகவும் வரவில்லை. ஆசியப் பாம்புகளின் நுரையீரலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியைக் கூடவே கொண்டுவந்தது. பார்க்கப் புழு மாதிரி இருக்கும். உயிரியல் வகைப்பாட்டில் இறால், நண்டுகளின் சொந்தம். பாம்பின் எச்சத்தைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் தவளை, தவளையைத் தின்னும் பாம்பு என்று இது சுற்றி வரும். இப்போது ஃப்ளோரிடாவின் சொந்தப் பாம்புகளின் நுரையீரல்களில் அது இருக்கிறது. மலைப்பாம்பு இன்னும் எட்டாத வடபகுதிகளிலும் பரவிவிட்டது. மலைப்பாம்பு முழுவதையும் நாளைக்கே பிடித்து ஒழித்தாலும் இந்த ஒட்டுண்ணியை யாரும் திரும்பப் பெற முடியாது.

பிடிப்பதும் லேசில்லை. ஓரிடத்தில் நூறு பாம்பு இருந்தால் தேடிப் போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படுவது அரிது; கண்டறியும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. 2013-ல் மாநில அரசு பரிசு அறிவித்துப் போட்டி நடத்தியது. சுமார் 1,600 பேர் பதிவு செய்தார்கள். கிடைத்தது 68 பாம்பு.

2017 ஜனவரியில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து இரண்டு இருளர்களை வரவழைத்தது. மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். உள்ளூர் வேட்டைக்காரர்கள் கரைகளின் மேல் வண்டியோட்டியபடி விளக்கடித்துத் தேடுவது வழக்கம். இவர்கள் வண்டியை விட்டு இறங்கி நேராகப் புதருக்குள் போனார்கள். உரித்த சட்டை, எச்சம், புல் மடிந்த தடம், வெயில் விழும் மேடு என்று பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றின் ஆழமான குழியிலிருந்து 16 அடிப் பெண் பாம்பு ஒன்றை வெளியே எடுத்தார்கள்; அதே இடத்தில் இன்னும் மூன்று. இரண்டு வாரத்துக்குள் மொத்தம் 13. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தச் செய்தியை நம் ஊர்ப் பத்திரிகைகள் பெருமையாகப் போட்டன, பெருமைதான். ஆனால் ஒரு பாம்பை வெளியே எடுக்க உலகின் மறுகோடியிலிருந்து நிபுணர்களை விமானத்தில் கூட்டி வரவேண்டிய நிலை என்பது, கடையில் குட்டி விற்ற நாளில் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

*

இனிச் சட்டத்தின் கதை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

2008-ல் ஃப்ளோரிடா ஐந்தாறு பெரிய ஊர்வன இனங்களை 'கவலைக்குரியவை' என்று அறிவித்தது. வளர்ப்பவர் ஆண்டுக்கு 100 டாலர் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். பாம்பின் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். சிப்பில் எண் இருக்கும். காட்டில் பிடிபட்டால் யார் வீட்டுப் பாம்பு என்று தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு. பாம்புகள் காட்டில் பெருகிவிட்டதை ஒப்புக்கொண்டு எட்டு ஆண்டு கழித்து வந்தது என்பது ஒன்றுதான் குறை. போதாததற்கு, 100 டாலர் கட்ட மனமில்லாதவர் உரிமம் எடுக்காமலே இருக்கலாம். இன்னும் சுலபமாக, பாம்பையே எங்காவது விட்டுவிடலாம்.

2009 ஜூலையில் அதே மாநிலத்தில் ஒரு வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு இரவில் தொட்டியிலிருந்து வெளியேறி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. பாம்பு இரண்டரை மீட்டர்தான். உரிமம் கிடையாது. சரியாகத் தீனியும் போடப்படவில்லை. மறு ஆண்டே செல்லப்பிராணியாக அதை வாங்குவது தடை செய்யப்பட்டது. 2012-ல் மத்திய அரசு பர்மிய மலைப்பாம்பு உட்பட நான்கு இனங்களைத் தீங்கு விளைவிப்பவை என்று பட்டியலிட்டு இறக்குமதியை நிறுத்தியது. 2015-ல் அனகோண்டாக்களும் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பும் சேர்ந்தன. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதும் கூடாது என்றது அரசு. ஊர்வன வளர்ப்போர் சங்கம் வழக்குப் போட்டது. இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் கண்டப்பகுதியின் மாநிலங்களுக்கு இடையேயான போக்குவரத்தைத் தடுக்கவில்லை என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சங்கத்தின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பர்மிய மலைப்பாம்பு அமெரிக்காவின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் வாழக்கூடும் என்று அரசு ஆய்வாளர்கள் தட்பவெப்பத்தை வைத்துக் கணித்தார்கள். வேறு சிலர், தென் ஃப்ளோரிடாவைத் தாண்டாது என்றார்கள். அதைச் சோதிக்க, ஃப்ளோரிடாவுக்கு வடக்கே சவுத் கரோலினாவில் ஒரு வேலிக்குள் 10 பாம்புகளை விட்டுப் பார்த்தார்கள். 2010 ஜனவரிக் குளிரில் பத்தும் செத்துப்போயின. அதே குளிரில் எவர்கிளேட்ஸில் ரேடியோ பொருத்திய 10 பாம்புகளில் 9 செத்தன. அப்படியானால் பனி கொட்டும் மின்னசோட்டாவில் ஒருவர் தன் வீட்டுக்குள் வளர்ப்பதை எதற்காகத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு நாட்டுக்கு ஒரே விதி என்பது நிர்வாகத்துக்கு வசதி, உயிரியலுக்கு அல்ல.

2021-ல் ஃப்ளோரிடா இன்னும் கடுமையாயிற்று. பச்சை இக்குவானா, தேகு பல்லி உட்பட 16 இனங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே வீட்டில் இக்குவானா வைத்திருந்தவர் சிப் பொருத்திப் பதிவு செய்தால் அதன் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அது செத்தபின் இன்னொன்று வாங்க முடியாது. இதற்குள் தென் ஃப்ளோரிடாவில் இக்குவானா அவ்வளவு பெருகியிருந்தது. 2020 ஜனவரியில் கடுங்குளிர் வந்தபோது, 'மரத்திலிருந்து இக்குவானா விழலாம், ஆச்சரியப்பட வேண்டாம்' என்று மயாமி வானிலை அலுவலகமே அறிவிப்பு விட்டது. குளிரில் விறைத்து விழும். வெயில் வந்ததும் எழுந்து போய்விடும்.

இந்த வரிசையில் நான் அதிகம் மதிப்பது தடைகளை அல்ல. 2006-லிருந்து மாநிலம் நடத்திவரும் ஒப்படைப்புத் திட்டம் ஒன்றை. வளர்க்க முடியாமல் போனவர் எந்த அயல் விலங்கையும் கொண்டுவந்து கொடுக்கலாம். உரிமம் இருக்கிறதா, எங்கே வாங்கினாய் என்ற கேள்வி இல்லை, அபராதம் இல்லை. கால்நடை மருத்துவர் பார்த்தபின், முன்கூட்டியே விண்ணப்பித்துத் தகுதி பெற்ற வேறொருவரிடம் விலங்கு போகும். சாக்கைப் பிரித்து விடுகிறவரின் மனநிலையைப் புரிந்துகொண்டு வகுத்த ஏற்பாடு இது. 1980-களில் இது இருந்திருந்தால் எவர்கிளேட்ஸில் முயல் மிஞ்சியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான்.

*

தடை போட்டால் வியாபாரம் நிற்காது, இடம் மாறும் என்பதற்கு ஆமையை விட நல்ல சாட்சி இல்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு கொண்ட சிவப்புக்காது ஆமையை அமெரிக்கா முழுவதும் குழந்தைகளுக்கு விற்றுவந்தார்கள். குழந்தைகள் அதை வாயில் வைத்தார்கள். சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு பரவியது. ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்கக்கூடாது என்று 1975-ல் ஆணை வந்தது. வாய்க்குள் நுழையாத அளவு என்பது கணக்கு. எளிமையான, அளந்து பார்க்கக்கூடிய விதி; எனக்குப் பிடித்த விதியும்கூட. ஆனால் லூசியானா மாநிலத்தின் ஆமைப் பண்ணைகள் மூடவில்லை, ஏற்றுமதிக்குத் திரும்பின. 1989 முதல் 1997 வரை 5.2 கோடி சிவப்புக்காது ஆமைகள் உலகெங்கும் போயின. 1997-ல் ஐரோப்பா இறக்குமதியை நிறுத்தியது; உடனே அதன் நெருங்கிய உறவான மஞ்சள்வயிற்று ஆமை அதே தொட்டிகளில் வந்து உட்கார்ந்தது. 2016-ல்தான் இனம் முழுவதையும் தடை செய்தார்கள்.

நார்வே எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 1970-களிலிருந்து அங்கே ஊர்வன எதையுமே வளர்க்கக்கூடாது. சட்டம் சுத்தமாக இருந்தது. வளர்ப்பவர்கள் ரகசியமாக வளர்த்தார்கள். பாம்புக்கு நோய் கண்டால் மருத்துவரிடம் கொண்டுபோகப் பயம். 2017-ல் அரசு இறங்கி வந்து 19 இனங்களை அனுமதித்தது. சிறியவை, சாதுவானவை, வளர்ப்பு முறை நன்கு தெரிந்தவை. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியும் இதே வழியில் ஒரு அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறது. தடைப் பட்டியலில் இல்லாத எதையும் விற்கலாம் என்றால், வியாபாரி எப்போதும் அரசுக்கு ஓரடி முன்னால் போவார். அனுமதிப் பட்டியலில் இல்லாத எதையும் விற்கக்கூடாது என்றால், நிரூபிக்கும் பாரம் வியாபாரி தலையில் விழும். நான் இரண்டாவதன் பக்கம்.

வளர்ப்போரை வில்லன்களாக்கிவிடவும் கூடாது. நியூ கலிடோனியாத் தீவின் கொண்டைப் பல்லி அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1994-ல் மீண்டும் கண்டார்கள். அதன் இனப்பெருக்கத்தைக் கற்று, காட்டிலிருந்து எடுக்காமலே உலகத்துக்கு வேண்டிய குட்டிகளை உண்டாக்கியவர்கள் பொழுதுபோக்காக வளர்த்தவர்கள்தான். அதே ஆர்வம் இன்னொரு பக்கம் 'ஸ்பைடர்' என்ற நிறவகைப் பந்து மலைப்பாம்பையும் உண்டாக்கியது. உடலில் சிலந்தி வலை போன்ற கோடுகள், பார்க்க அழகு. அந்த அழகைத் தரும் மரபணுவே உட்காதின் அமைப்பையும் குலைப்பதால், பாம்பு தலையை நேராக நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். எலியைக் கவ்வப் பாய்ந்தால் குறி தப்பும்.

விஷப்பாம்பு பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க மாம்பாவைத் தனியார் வளர்க்கும் ஊரில், அதற்கான முறிமருந்தையும் யாராவது வைத்திருக்க வேண்டும். மயாமி தீயணைப்புத் துறை இதற்கென்றே தனிப்பிரிவு நடத்தி, பல கண்டங்களின் முறிமருந்துகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறது. பிரிட்டன் 1976-லேயே விஷப்பாம்பு வளர்க்க உள்ளாட்சி உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் இருப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமான மருந்து. வெளிநாட்டுப் பாம்பு கடித்து வருபவருக்கு அதை எத்தனை குப்பி ஏற்றினாலும் பயனில்லை.

*

நம் ஊரில் இந்த வியாபாரம் நடக்குமா என்று கேட்பவர்கள் விமான நிலையச் செய்திகளைப் படிக்கலாம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில் இன்னொருவரின் டிராலி பையில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், துணிப் பைகள். நாய்க்குட்டியை இப்படி அடைத்தால் குரைத்துக் காட்டிக்கொடுக்கும், இல்லையென்றால் செத்துப்போகும். பட்டினியையும் இருட்டையும் தாங்கும் அதே உடல், மலைப்பாம்பைக் கடத்தலுக்கும் தோதான சரக்காக்கிவிட்டது. பிடிபட்டவை பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. அங்கே போய் என்ன ஆகின்றன என்பதை யாரும் பின்தொடர்வதில்லை.

சுங்கத்தைத் தாண்டிவிட்டால் நெடுங்காலம் கவலையே இல்லாமல் இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு உயிர்களுக்கானது. வீட்டில் நட்சத்திர ஆமை வைத்திருந்தால் குற்றம். இக்குவானா வைத்திருந்தால் அந்தச் சட்டம் அப்போது எதுவும் கேட்கவில்லை. 'இங்கேயே பிறந்தது' என்று சொன்னால் மறுக்க ஆவணம் இருக்கவில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆறு மாதத்துக்குள் இணையத்தில் தெரிவித்துவிட்டால், எங்கே வாங்கியது என்று கேட்கமாட்டோம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெரிவித்தார்கள். ஃப்ளோரிடாவின் ஒப்படைப்புத் திட்டம் மாதிரி தோன்றும். ஆனால் முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே விலங்கை ஒப்படைப்பவருக்கு மன்னிப்பு. இங்கே வைத்துக்கொள்பவருக்கு மன்னிப்பு. நேற்றுக் கடத்தி வந்ததையும் இன்று கணக்கில் காட்டி வெள்ளையாக்கிக்கொள்ள இதில் இடமிருந்தது.

2022-ல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு வனஉயிர் வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல் இனங்கள் நான்காம் அட்டவணையாக நம் சட்டத்துக்குள் வந்தன. வைத்திருப்பவர் பதிய வேண்டும். குட்டி பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்து, அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய ஆறு மாத அவகாசம் கிடைத்தது. பந்து மலைப்பாம்பும் இக்குவானாவும் இதில் அடங்கும்.

ஆனால் சைட்டிஸ் பட்டியல் எதற்காகத் தயாரிக்கப்பட்டது? வணிகத்தால் எந்த உயிர் அருகிப்போகும் என்ற கவலையில். எந்த உயிர் தப்பித்தால் நம் ஏரி கெடும் என்பது அதன் கேள்வியே இல்லை. அமெரிக்காவில் காடு மேடெல்லாம் இருக்கும் சோளப்பாம்பு அதில் கிடையாது. மீன் தொட்டிக் கடைகளில் ஐம்பது காசு அகலத்தில் விற்கும் சிவப்புக்காது ஆமையும் கிடையாது. அந்த ஆமை தட்டு அளவு வளர்ந்து, தொட்டி நாறத் தொடங்கியதும் கோயில் குளத்துக்கோ ஏரிக்கோ போகிறது. பெரும்பாலும் புண்ணியம் என்ற நினைப்பில். 2018-ல் குவாஹாட்டியின் தீபோர் பில் ஏரியில் கண்டார்கள். திருச்சூர் வாய்க்காலிலும் கண்டார்கள். கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடம் ஒப்படைக்கச் சொல்லி வாங்கி, பீச்சியில் தன் வளாகத்தில் வைத்தது.

அதே திருத்தச் சட்டத்தில் 62ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல் எல்லாவற்றையும் அறிவிக்கை மூலம் தடுக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. அதன்கீழ் சிவப்புக்காது ஆமையைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிக்கை வெளியான வாரத்திலேயே ஆயிரக்கணக்கான வீட்டுத் தொட்டிகள் சட்டவிரோதமாகிவிடும். பயந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள குளத்துக்குத்தான் போவார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆமையை வாங்கிக்கொள்ள ஒரு தொட்டி, கேள்வி கேட்காத ஓர் ஊழியர், அவருக்கு முப்பது ஆண்டுச் சம்பளம் — அந்த ஆமை அவ்வளவு காலம் வாழும் — இவற்றுக்கான நிதி ஒதுக்கீடு அறிவிக்கைக்கு முன்பே கையெழுத்தாக வேண்டும்.